கவுன்சிலிடம் இருக்கும் அம்மாவின் பதிவுக் கோப்பை எடுப்பதும் திருத்துவதும்: இங்கிலாந்தில் பெற்றோரைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மாவுக்கு என்ன உதவி தேவை என்று பார்க்கக் கவுன்சிலிலிருந்து அன்று வந்த சோஷியல் வேர்க்கர் நல்ல பிள்ளை. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். வீட்டுக்கு வந்த ஆளை ஒரு தேத்தண்ணி கூடக் கொடுக்காமல் அனுப்ப அம்மாவுக்கு மனம் வராது. நான் மேல்மாடியில் மருந்துப் பட்டியலைத் தேடிக்கொண்டிருந்த நேரம், அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போயிருக்கிறார். கேத்திலைத் தூக்கக் கையில் பலமில்லை. சின்னக் கோப்பையால் தண்ணீரை மொண்டு மொண்டு கேத்திலுக்குள் விட்டு, அரைக் கோப்பை தேத்தண்ணி போட்டு முடித்திருக்கிறார். அன்றிரவு இடுப்பு வலியில் அவர் நித்திரை கொள்ளவில்லை.

முன் அறையில் இருந்தவர் கண்டது மேசைக்கு வந்த தேத்தண்ணியை மட்டும். கோப்பில் அவர் எழுதியது இது: "சுடுபானம் தானாகவே தயாரித்தார். சமையலறை வேலைகளில் உதவி தேவையில்லை." இரண்டு மாதத்தில், மத்தியானத்தில் அம்மாவைக் கவனிக்க வந்த கெயரர் நிறுத்தப்பட்டார். ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அந்த வரியை நான் கண்ணால் கண்டது அதற்கும் ஏழு மாதம் கழித்து, கோப்பைக் கேட்டு வாங்கிய பிறகுதான்.

அந்த ஏழு மாதத்தில் ஆறு மாதம் வீணாகப் போனது, எதை, யாரிடம், எந்தப் பத்திரத்தோடு கேட்பது என்று தெரியாததால். அந்த ஆறு மாதத்தை நீங்கள் இழக்கக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். இது இங்கிலாந்திலுள்ள கவுன்சில்களுக்குரியது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் பராமரிப்புச் சட்டங்கள் வேறு.

1. யாரிடம் என்ன இருக்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

எல்லாம் கவுன்சிலிடம் இருக்கும் என்று நினைத்தது என் முதல் பிழை. அம்மாவைப் பற்றிய பதிவுகள் நாலு இடத்தில் கிடந்தன.

கவுன்சிலிடம் இருப்பவை: தேவை மதிப்பீடு, பராமரிப்புத் திட்டம், ஒவ்வொரு போனுக்கும் வருகைக்கும் சோஷியல் வேர்க்கர் எழுதும் கேஸ் நோட்ஸ், நிதி மதிப்பீடு. யாராவது பாதுகாப்பு பற்றி முறையிட்டிருந்தால் சேஃப்கார்டிங் பதிவுகளும் இருக்கும்.

வீட்டுக்கு வரும் கெயரர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை நிமிடம் நின்றார்கள், என்ன சாப்பாடு கொடுத்தார்கள் என்ற தினசரிக் குறிப்புகள் பெரும்பாலும் கெயர் ஏஜென்சியிடம்தான் இருக்கும். "அரை மணி நேரத்துக்குப் பதிலாகப் பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள்" என்பதுதான் உங்கள் முறைப்பாடு என்றால், கவுன்சில் கோப்பை விட ஏஜென்சியின் பதிவுதான் உங்களுக்குத் தேவை. குடும்ப டொக்டரான ஜி.பி.யின் பதிவும் வைத்தியசாலையின் பதிவும் வேறு வேறு. அம்மா வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது எழுதப்பட்ட அறிக்கை கவுன்சிலிடம் இருக்கும் என்று நான் ஐந்து கிழமை காத்திருந்தேன். அது அங்கே போகவே இல்லை.

ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கடிதம் ஒன்றுதான், விலாசத்தை மட்டும் மாற்றினால் போதும்.

2. விண்ணப்பமே இல்லாமல் கிடைப்பவற்றை முதலில் வாங்குங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. 2014ஆம் ஆண்டு கெயர் சட்டத்தின்படி, தேவை மதிப்பீட்டின் எழுத்துப் பிரதியை மதிப்பிடப்பட்டவருக்குக் கவுன்சில் கொடுக்கத்தான் வேண்டும். அவர் கேட்டுக்கொண்டால் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். பராமரிப்புத் திட்டமும் அப்படித்தான். இதற்கு 6ஆம் படியில் சொல்லும் தகவல் விண்ணப்பம் தேவையில்லை, ஒரு மாதம் காத்திருக்கவும் தேவையில்லை. சோஷியல் வேர்க்கருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, மதிப்பீட்டையும் திட்டத்தையும் அனுப்பச் சொன்னால் போதும்.

எங்களுக்கு இவை இரண்டும் நாலு நாளில் வந்தன. உங்கள் பிரச்சினை அந்த இரண்டு பத்திரத்தோடு தீர்ந்துவிடுமானால் கீழே உள்ள 8ஆம் படிக்கு நேரே போகலாம். குறிப்புகள், மின்னஞ்சல்கள், யார் என்ன முடிவெடுத்தார்கள் என்ற விவரம் வேண்டுமென்றால்தான் மிச்சப் படிகள்.

3. கேட்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறதா

அதிகம் பேர் இடறி விழும் இடம் இது. கொஞ்சம் நின்று வாசியுங்கள்.

பிள்ளை என்பதாலோ, "நெக்ஸ்ட் ஆஃப் கின்" (நெருங்கிய உறவினர்) என்று கோப்பில் உங்கள் பெயர் இருப்பதாலோ, அம்மாவின் தகவலைக் கேட்கும் சட்ட அதிகாரம் வந்துவிடாது. அவருடைய பென்ஷனை வாங்கக் கையெழுத்திடும் "அப்பொயின்ட்டி" ஆக நீங்கள் இருந்தாலும் அது உதவித்தொகை அலுவலுக்கு மட்டும்தான்.

அம்மாவுக்குத் தன் விஷயத்தைத் தானே முடிவெடுக்கத் தெரிகிறது என்றால் வழி மிக லேசானது. "என் தகவல்களை என் மகளிடம் கொடுக்கச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு கடிதம். அவர் கையொப்பம், திகதி, உங்கள் முழுப் பெயர், உங்கள் விலாசம். இங்கிலிஷ் தெரியாது என்பது முடிவெடுக்கத் தெரியாது என்பதல்ல. இதை ஒரு உத்தியோகத்தருக்கு நான் போனில் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. கடிதத்தின் அடியில், "இதை நான் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தினேன்" என்று குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர் எழுதிக் கையொப்பமிட்டால் அந்தக் கேள்வி பிறகு எழாது. நாங்கள் அயல்வீட்டு அன்ரியிடம் வாங்கினோம்.

நினைவு மங்கத் தொடங்கியவர்களுக்கு லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி வேண்டும்: தனக்காக முடிவெடுக்கும் அதிகாரத்தை இன்னொருவருக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் பத்திரம். அதில் இரண்டு வகை உண்டு: சொத்தும் பணமும் ஒன்று, உடல்நலமும் பராமரிப்பும் மற்றது. எங்களுடைய ஆட்கள் வீடு, பேங்க் என்று முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பிறகு கேஸ் நோட்ஸைக் கேட்கும்போது, "உங்கள் அதிகாரம் பண விஷயத்துக்கு மட்டும்" என்று பதில் வரும். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். உடல்நலப் பத்திரம், எழுதிக்கொடுத்தவர் முடிவெடுக்கும் ஆற்றலை இழந்த பிறகுதான் செல்லும் என்பதையும் தெரிந்து வையுங்கள். அதுவரைக்கும் அவருடைய கையொப்பக் கடிதம்தான் வழி.

செலவு: ஒவ்வொரு பத்திரத்தையும் பதிவு செய்ய 92 பவுண். இரண்டுக்கும் 184. எழுதிக்கொடுப்பவரின் வருட வருமானம் 12,000 பவுணுக்குக் குறைவென்றால் பாதிக் கட்டணம். குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான உதவித்தொகையான பென்ஷன் கிரெடிட்டில் கேரண்டி பகுதி கிடைக்கிறதென்றால் கட்டணமே இல்லை. பதிவாகி வர எட்டு முதல் பத்துக் கிழமை, அதுவும் படிவத்தில் பிழையில்லாவிட்டால். அவர் விளங்கித்தான் எழுதிக்கொடுக்கிறார் என்று சான்று கொடுப்பவர் அவரைக் குறைந்தது இரண்டு வருடம் தெரிந்த ஆளாகவோ, டொக்டர், வக்கீல் போன்ற தொழில்முறை ஆளாகவோ இருக்க வேண்டும். குடும்பத்தவர் கொடுக்க முடியாது. அம்மாவோடு தனியாகத் தமிழில் கதைக்கக்கூடிய ஒரு பழைய குடும்பச் சிநேகிதரைப் பிடியுங்கள்.

ஆற்றல் ஏற்கெனவே போய்விட்டது, பத்திரமும் எழுதவில்லை என்றால் கோர்ட் ஆஃப் புரொடெக்ஷன் என்ற நீதிமன்றத்தின் மூலம் டெபுட்டி, அதாவது அவருக்காக முடிவெடுக்க நீதிமன்றம் நியமிக்கும் ஆள், ஆக வேண்டும். அது நீண்ட, செலவான பாதை. அதற்கு முன் கவுன்சிலிடம் ஒரு முறை எழுதிக் கேளுங்கள். அவருடைய நன்மைக்குத் தேவையான தகவலைக் குடும்பத்தோடு பகிர முடிவெடுக்கும் ஆற்றல் பற்றிய 2005ஆம் ஆண்டு மெண்டல் கப்பாசிட்டி சட்டத்துக்குள் அவர்களுக்கு இடமுண்டு. முழுக் கோப்பும் கிடைக்காது, ஆனால் பராமரிப்புத் திட்டம் கிடைக்கலாம்.

இறந்தவரின் கோப்பு தனி விஷயம். தகவல் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். இறந்தவரின் மருத்துவப் பதிவைக் கேட்க 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு, ஆனால் சோஷியல் கெயர் பதிவுகளுக்கு அதைப்போல நேரான உரிமை இல்லை. கவுன்சில் தன் விருப்பத்தில் முடிவெடுக்கும். ஆகவே கேட்க வேண்டியதை அவர் இருக்கும்போதே கேளுங்கள். சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

4. பெயர்ச் சிக்கலை முன்கூட்டியே அவிழ்த்து வையுங்கள்

முதல் தடவை எங்களுக்கு வந்த கோப்பு 41 பக்கம். மூன்று வருடக் கதைக்கு 41 பக்கமா என்று சந்தேகம் வந்தது. பார்த்தால், கவுன்சிலின் கணினியில் அம்மா இரண்டு பேராக இருந்தார். ஒன்றில் அவருடைய அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக, மற்றதில் கணவரின் பெயர். ஒன்றில் ஒரு 'எச்' எழுத்து கூடுதலாக, மற்றதில் அது இல்லை. தேடியவர் ஒரு பெயரைத் தட்டி, வந்ததை அனுப்பிவிட்டார். பாதிக் கோப்பு மற்றப் பெயரின் கீழ் அப்படியே கிடந்தது.

நம் பெயர்கள் இந்த நாட்டுப் படிவங்களில் இப்படித்தான் உடைகின்றன. முன்னெழுத்து முதல் பெயராகும், சொந்தப் பெயர் குடும்பப் பெயராகும். சில பேருக்கு ஊரில் பதிந்த பிறந்த திகதியும் பாஸ்போட்டில் உள்ளதும் வேறு. ஆகவே கடிதத்தில் இவற்றைக் கட்டாயம் எழுதுங்கள்: பாஸ்போட்டில் உள்ளபடி பெயர், ஜி.பி.யிடம் உள்ளபடி பெயர், கவுன்சில் கடிதங்களில் வந்த எல்லா எழுத்துக் கூட்டல்களும், முன்பு இருந்த விலாசங்களும். எல்லாவற்றுக்கும் மேலாக 10 இலக்க என்.எச்.எஸ் இலக்கம். பெயர் எப்படித் திரிந்தாலும் அந்த இலக்கம் திரியாது. கவுன்சில் கடிதத்தின் மேல் மூலையில் ஒரு வாடிக்கையாளர் இலக்கம் இருக்கும், அதையும் சேருங்கள்.

5. அடையாளப் பத்திரங்கள்

அம்மாவுடையது: பாஸ்போட் பிரதி அல்லது வேறு படமுள்ள அட்டை, விலாசத்தைக் காட்ட ஒரு கவுன்சில் டாக்ஸ் பில் அல்லது பென்ஷன் கடிதம். உங்களுடையது: அதே மாதிரி இரண்டு. அதோடு சம்மதக் கடிதம் அல்லது பதிவான பவர் ஆஃப் அட்டர்னியின் பிரதி.

மூலப் பாஸ்போட்டைத் தபாலில் அனுப்ப வேண்டாம். பிரதி போதும். பேங்க் ஸ்டேட்மெண்டை விலாசத்துக்காக அனுப்பினால் கணக்கு விவரங்களைக் கறுப்பு மையால் அடித்துவிடுங்கள். ஐந்து வருடமாக வந்து போகும் சோஷியல் வேர்க்கருக்கு அம்மாவை நன்றாகத் தெரியும் என்றால், "அம்மாவை ஏற்கெனவே தெரியும், ஏன் இத்தனை பத்திரம்?" என்று கேட்கலாம். சந்தேகம் இருக்கும்போது தேவையான அளவு மட்டுமே அவர்கள் கேட்கலாம்.

6. கடிதத்தில் என்ன எழுதுவது

ஒருவர் தன்னைப் பற்றிய பதிவுகளைக் கேட்கும் இந்த விண்ணப்பத்தின் பெயர் சப்ஜெக்ட் அக்சஸ் ரிக்குவெஸ்ட், சுருக்கமாக எஸ்.ஏ.ஆர். கட்டணம் இல்லை. வாயால் கேட்டாலும் செல்லும், கவுன்சிலின் எந்த உத்தியோகத்தரிடம் கேட்டாலும் செல்லும். அப்படியிருந்தும் எழுத்தில் கேளுங்கள், கவுன்சில் தளத்தில் தரப்பட்டிருக்கும் தகவல் பாதுகாப்பு மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், சோஷியல் வேர்க்கருக்கும் ஒரு பிரதி போடுங்கள். அவர்களுடைய இணையப் படிவத்தை நிரப்பினால்தான் ஏற்போம் என்று சொன்னால் அது சரியில்லை. படிவம் வசதிக்காக மட்டும்.

"அம்மாவின் எல்லாத் தகவலும்" என்று எழுதினால் இரண்டு விதத்தில் பிழைக்கும். ஒன்று, "எது வேண்டும் என்று தெளிவுபடுத்துங்கள்" என்று திருப்பிக் கேட்பார்கள், நீங்கள் பதில் போடும் வரை கெடு நின்றுவிடும். இரண்டு, நியாயமான அளவு தேடினால் போதும் என்று தகவல் பற்றிய 2025ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், மேலோட்டமாகத் தேடிவிட்டு விடுவார்கள். இடங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நான் இரண்டாம் தடவை கேட்டவை இவை:

— குறிப்பிட்ட திகதி முதல் இன்று வரை, கேஸ் மேனேஜ்மெண்ட் கணினியில் உள்ள எல்லாப் பதிவும். பல கவுன்சில்களில் இது மொசைக் அல்லது லிக்விட்லொஜிக். தொடர்புக் குறிப்புகள், மதிப்பீடுகள், அவற்றின் வரைவுகள், மறுபரிசீலனைகள்.
— பராமரிப்பு மணி நேரத்தைக் கூட்டுவது குறைப்பது பற்றி மேலதிகாரி அல்லது பேனல் என்ற உத்தியோகத்தர் குழு எடுத்த முடிவும் அதற்கான காரணமும்.
— இன்ன இன்ன உத்தியோகத்தர்களுக்கிடையே அம்மாவைப் பற்றிப் போன மின்னஞ்சல்கள்.
— நிதி மதிப்பீட்டுப் பிரிவின் கோப்பு. இது பெரும்பாலும் வேறு கணினியில் இருக்கும், சொல்லாவிட்டால் தேடமாட்டார்கள்.
— கோல் சென்டரில் பதிவான குரல் உரையாடல்கள். இவை விரைவாக அழிக்கப்படலாம், ஆகவே முதல் வரியிலேயே "அழிக்காமல் வையுங்கள்" என்று எழுதுங்கள்.

இன்னொன்று. அம்மாவின் கோப்பில் உங்களைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். அம்மாவின் பெயரில் கேட்டால் அந்த வரிகள் மூன்றாம் ஆளின் தகவல் என்று கறுப்பாகிவிடும். ஆகவே உங்கள் பெயரில் இரண்டாவது விண்ணப்பம் ஒன்றை அதே நாளில் அனுப்புங்கள். பராமரிப்பவர் என்ற முறையில் உங்களுக்கு கெயரர் மதிப்பீடு நடந்திருந்தால் அதுவும் அதில் வரும். என் கோப்பில், "மகள் எல்லாவற்றையும் சமாளிக்கிறார்" என்று ஐந்து இடத்தில் இருந்தது. அந்த ஐந்து தடவையும் யாரும் என்னிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

7. கெடுவைக் கணக்கிடுங்கள்

விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதம். செப்டம்பர் 3 கிடைத்தால் ஒக்டோபர் 3. அந்தத் திகதி இல்லாத மாதமென்றால் மாதக் கடைசி நாள். சனி, ஞாயிறு, விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள். அடையாளம் கேட்டால், அது கிடைத்த பிறகுதான் மாதம் தொடங்கும். அதனால்தான் பத்திரங்களை முதல் மின்னஞ்சலிலேயே இணைக்கச் சொல்கிறேன். எனக்கு இதில் மட்டும் மூன்று கிழமை போனது.

விஷயம் சிக்கலானதென்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். ஆனால் அதை முதல் மாதத்துக்குள்ளேயே காரணத்தோடு சொல்ல வேண்டும். "வேலை அதிகம், ஆள் இல்லை" என்பது காரணமாகாது. நாட்காட்டியில் மூன்று நாளைக் குறியுங்கள்: அனுப்பிய நாள், கெடு நாள், கெடுவுக்கு ஒரு கிழமை முன். அந்த ஒரு கிழமை முன்னர் அனுப்பும் இரண்டு வரி நினைவூட்டல் நன்றாக வேலை செய்யும்.

கோப்பு பெரும்பாலும் பூட்டிய லிங்காக மின்னஞ்சலில் வரும். வந்த அன்றே இறக்கி, இரண்டு இடத்தில் சேமியுங்கள். லிங்க் சில நாளில் காலாவதியாகிவிடும். எனக்கு அப்படி ஒரு தடவை ஆகி, திரும்ப வாங்க இன்னும் பதினாறு நாள் எடுத்தது.

8. வாசிப்பதும் திருத்தச் சொல்வதும்

எங்கள் முழுக் கோப்பு கடைசியில் 312 பக்கம். அக்காவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் பரப்பி வைத்து, மூன்று நிறப் பேனாவோடு இருந்தோம். சிவப்பு: உண்மைப் பிழை. நீலம்: அவர்களுடைய அபிப்பிராயம். பச்சை: முடிவெடுத்த இடம். இந்தப் பிரிப்பு முக்கியம், ஏனென்றால் சட்டம் இவற்றை ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை.

உண்மைப் பிழையைத் திருத்தக் கேட்கலாம், ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அம்மாவின் முதல் மொழி என்ற பெட்டியில் "இந்தி" என்று இருந்தது. மொழிபெயர்ப்பாளர் தேவையா என்ற பெட்டியில் "இல்லை". அம்மா யாராவது இங்கிலிஷில் கதைத்தால் சிரித்துக்கொண்டு "யெஸ், யெஸ்" என்பார். அந்தப் பெட்டி அப்படித்தான் நிரம்பியிருக்க வேண்டும். இந்த இரண்டு பெட்டியையும் உங்கள் கோப்பில் முதலில் பாருங்கள். அவை பிழையென்றால் அதன் மேல் கட்டிய மதிப்பீடு முழுவதையும் கேள்வி கேட்கலாம்.

அபிப்பிராயத்தை அழிக்க வைப்பது கடினம். "சமையலறையில் உதவி தேவையில்லை" என்பது சோஷியல் வேர்க்கரின் முடிவு, அவர் அப்படி நினைத்தார் என்பது உண்மைதானே என்பார்கள். ஆனால் உங்கள் மறுப்பை அந்தக் குறிப்போடு சேர்த்து வைக்கச் சொல்லலாம். நாங்கள் அரைப் பக்கம் எழுதினோம்: அன்று என்ன நடந்தது, கேத்திலை எப்படி நிரப்பினார், அன்றிரவு எந்த வலி மாத்திரை எடுத்தார். கோபத்தைக் கடிதத்திலிருந்து வெளியே வைத்தோம். அத்தோடு, இது தீரும் வரை அந்தப் பதிவை அடுத்த மறுபரிசீலனைக்குப் பாவிக்கக்கூடாது என்றும் கேட்டோம். சரியா பிழையா என்று பார்க்கும் காலத்தில் தகவலின் பாவனையைக் கட்டுப்படுத்தும் உரிமை சட்டத்தில் இருக்கிறது.

கறுப்பு அடித்த பகுதிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மற்ற உறவினர், அயலவர் சொன்னவை மறைக்கப்படலாம். வெளியே விட்டால் யாருக்காவது பாரதூரமான தீங்கு வரும் என்றாலும் மறைப்பார்கள். ஆனால் வேலை நிமித்தம் எழுதிய சோஷியல் வேர்க்கரின் பெயரைச் சாதாரணமாக மறைக்கக்கூடாது. பக்கம் பக்கமாகக் கறுப்பு இருந்தால், எந்தச் சட்ட விலக்கின் கீழ் மறைத்தார்கள் என்று கேட்டு, திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

9. பதில் வராவிட்டால்

கெடு முடிந்த மறுநாள், தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பான, கவுன்சிலின் டேட்டா புரொடெக்ஷன் ஒபிசருக்கு எழுதுங்கள். அதுவும் சரிவராவிட்டால் ஐ.சி.ஓ. என்ற தகவல் பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்பிடம் முறையிடலாம், கட்டணமில்லை. கவுன்சிலோடு கடைசியாக நடந்த உருப்படியான தொடர்பிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்யுங்கள். ஐ.சி.ஓ. நட்டஈடு வாங்கித் தராது. ஆனால் அங்கே போகப்போகிறோம் என்று எழுதிய அன்றே எங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது.

மணி நேரத்தைக் குறைத்த முடிவு பிழை என்பது வேறு முறைப்பாடு. அது கவுன்சிலின் அடல்ட் சோஷியல் கெயர் முறைப்பாட்டுப் பிரிவுக்கு 12 மாதத்துக்குள் போக வேண்டும், அங்கே தீராவிட்டால் முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் உள்ளூராட்சி, சோஷியல் கெயர் ஒம்புட்ஸ்மனிடம். தகவல் முறைப்பாட்டையும் பராமரிப்பு முறைப்பாட்டையும் ஒரே கடிதத்தில் கலக்க வேண்டாம். நான் கலந்தேன். இரண்டு பிரிவும் மற்றப் பிரிவு பதில் தரும் என்று காத்திருந்தன. என் ஆறு மாதத்தில் இரண்டு மாதம் அதில் போனது.

10. இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால்

முதல் வருகையில் ஒரு படிவத்தில் கையொப்பம் கேட்பார்கள். ஜி.பி., வைத்தியசாலை, ஏஜென்சியோடு தகவலைப் பகிர்வது பற்றியது. கையொப்பமிடாவிட்டால் எதுவும் பதியமாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். கவுன்சில் தகவலை வைத்திருப்பது பெரும்பாலும் உங்கள் சம்மதத்தின் மேல் இல்லை, சட்டம் தங்களுக்குக் கொடுத்த பொதுக் கடமையின் மேல். அதனால் "சம்மதத்தைத் திரும்ப எடுக்கிறேன், எல்லாவற்றையும் அழியுங்கள்" என்று எழுதியும் பலனில்லை. எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்பது கவுன்சிலின் ரிடென்ஷன் அட்டவணையில் இருக்கும்.

2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு கவுன்சிலும் பராமரிப்புப் பெறுபவர்களின் தனிநபர் பதிவுகளை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மத்திய அரசுக்கு அனுப்பக் கட்டாயம். ஆராய்ச்சி, திட்டமிடல் போன்ற தேவைகளுக்கு அம்மாவின் தகவல் போவதை விரும்பாவிட்டால் நேஷனல் டேட்டா ஒப்ட்-அவுட் என்ற தெரிவு என்.எச்.எஸ் தளத்தில் உண்டு. அது எல்லாப் பயன்பாட்டையும் தடுக்காது. அவருடைய சொந்த வைத்தியத்துக்குத் தகவல் பகிர்வதையும் அது பாதிக்காது, பயப்பட வேண்டாம்.

நிதி மதிப்பீட்டுக்குப் பேங்க் ஸ்டேட்மெண்டுகள் கேட்பார்கள். சேமிப்பு 14,250 பவுணுக்குக் கீழே என்றால் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள், 23,250க்கு மேலே என்றால் முழுச் செலவும் அம்மாவுடையது. அம்மாவும் நீங்களும் கூட்டுக் கணக்கு வைத்திருந்தால், வேறு விதமாகக் காட்டாவிட்டால் பாதி அம்மாவுடையது என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் சம்பளம் அதே கணக்குக்கு வருகிறதென்றால் மதிப்பீட்டுக்கு முன்பே கணக்கைப் பிரியுங்கள். உங்கள் செலவு விவரம் எல்லாம் அம்மாவின் கோப்பில் ஏறத் தேவையில்லை. எதைக் கொடுத்தாலும் பட்டியல் போட்டு, திகதியோடு ஒரு பிரதி வையுங்கள்.

மதிப்பீட்டு நாளுக்கு முன்பே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இலவசம். நீங்களே மொழிபெயர்த்தால், அம்மா சொல்லாததை நீங்கள் சேர்த்தீர்கள் என்றும் பிறகு எழுதலாம். கூட்டம் முடிந்ததும், "இன்று எழுதியதை எந்தத் திகதியில் அனுப்புவீர்கள்?" என்று கேட்டு, வரைவாக இருக்கும்போதே வாசித்துப் பதில் போடுங்கள். முடிவான பிறகு திருத்துவதை விட வரைவில் திருத்துவது பத்து மடங்கு லேசு.

அடுத்த மறுபரிசீலனைக்கு ஆள் வந்த நாளில், காலையிலேயே நான் பிளாஸ்கில் தேத்தண்ணி போட்டு, கோப்பைகளோடு முன் அறையில் கொண்டுபோய் வைத்தேன். அம்மாவே உட்கார்ந்த இடத்திலிருந்து ஊற்றிக் கொடுத்தார். வந்தவர் கோப்பையைக் கையில் எடுத்ததும், இதை யார் போட்டது என்பதை மொழிபெயர்ப்பாளர் மூலம் முதல் வேலையாகச் சொன்னோம். அவர் எழுதிக்கொண்டார்.